கொல்லாமையும் நோவு தணித்தலும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது சங்கத்தில் வந்தனை முடிந்து பஞ்சசீலம் ஏற்ற பின்னர், அன்பர் ஒருவர் எழுந்து தம் வீட்டுச் செய்தியொன்றைச் சபையின் முன் வைத்தார். பதினோரு ஆண்டுகளாக அவர் வீட்டில் வளர்ந்துவந்த பெட்டை நாய்க்கு முன்னங்கால் எலும்பில் புற்று கண்டிருந்தது. கால்நடை மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, நோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டதென்றும், இனிக் காலை எடுத்தாலும் பயனில்லையென்றும் கூறினாராம். "வேண்டுமானால் ஓர் ஊசியில் முடித்துவிடலாம், அமைதியாகப் போய்விடும்" என்றும் சொன்னாராம். அன்பரோ, "நாங்கள் பௌத்தர்கள், உயிர்க்கொலை செய்யோம்" என்று மறுத்து, நாயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "நான் செய்தது சரிதானே?" என்பதே அவருடைய வினா.

சரியென்று சபை ஒருமுகமாகச் சொல்லிற்று. நானும் எழுந்து முதற் சீலத்தின் பெருமையைக் குறித்துக் கால்மணி நேரம் பேசினேன். பேச்சு நன்றாக இருந்ததென்று சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

மூன்றாம் நாள் இரவு, வேறொரு காரியமாக அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. நாய் கூடத்தின் மூலையில் நின்றுகொண்டிருந்தது. படுக்கவில்லை. வீங்கிய காலைத் தரையில் படாதவாறு தூக்கிக்கொண்டு, வாய் திறந்து மூச்சு வாங்கியபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. குரைப்பில்லை, ஊளையில்லை. "சத்தமே காணோமே, அதிகம் வலி இல்லை போலும்" என்றேன். அந்த வீட்டு அம்மையார் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை. "ஐயா, மூன்று இராத்திரியாக அது படுக்கவில்லை. படுத்தால் கால் அழுந்துகிறது, உடனே எழுந்துவிடுகிறது. கத்தினாலாவது தேவலையே!" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என்னுடைய கால்மணி நேரப் பேச்சு எனக்கே வெட்கத்தைத் தந்தது. கொல்லேன் என்ற சொல்லால் எங்கள் கைகள் தூயவையாயின. அந்தத் தூய்மைக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தது அந்த நாய். விலை கொடுக்கிறாயா என்று அதை யாரும் கேட்கவில்லை. கொல்ல மறுப்பவன் அந்த மறுப்பினாலேயே ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறான் என்பதும், அக்கடன் நோவைத் தணிக்கும் கடன் என்பதும், அதைத் தீர்க்காதவரையில் அவன் மறுப்புப் பாதியறமே என்பதும் அன்றுதான் எனக்குப் பட்டது. இதை அன்பர்கள் ஆராய வேண்டுமென்றே எழுதுகிறேன்.

கொல்லுதல் கூடுமோ என்பதில் எனக்கு ஐயமில்லை என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். விநயத்தில் மூன்றாவது பாராஜிகத்தை ஒட்டி வரும் வழக்குகளில் ஒன்று நமக்கு நேராகப் பொருந்துவது. நோயுற்ற பிக்கு ஒருவர்மேல் இரக்கங்கொண்ட பிக்குகள் அவரிடம் மரணத்தைப் புகழ்ந்து பேசினர், அவரும் இறந்தார். இரக்கத்தால் பேசினோமே என்பது அவர்களுக்குத் துணை வரவில்லை. சங்கத்தை இழக்கும் குற்றமாகவே பகவான் அதைத் தீர்த்தார். அது பிக்குகளுக்கான விதி, மனித உயிரைப் பற்றியது என்று ஒருவர் சொல்லலாம். இருக்கட்டும். இரக்கம் என்ற சொல் கொலையைச் சுத்திசெய்துவிடாது என்ற கருத்து அதில் தெளிவாகவே இருக்கிறது.

ஆனால் அதே விநயத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. வயிற்றுப்போக்கினால் தன் மலத்திலேயே கவனிப்பாரின்றிக் கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் தாமே நீராட்டிக் கிடத்தினார். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, தமக்குத் தொண்டுசெய்ய விரும்புவோர் நோயாளிக்குத் தொண்டு செய்க என்றார். முதல் நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. மறுப்பதற்குச் செலவில்லை, தொண்டுக்கு இரவு விழிக்க வேண்டும், பணம் வேண்டும், மருந்து வேண்டும்.

இனி, விலங்கின் நோவைப் பற்றிப் பார்ப்போம். விலங்கு ஒரு பொறி. அதன் அலறல் கடிகாரத்தின் ஓசை போன்றதே என்னும் கருத்து பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தேக்கார்த்தின் வழியே ஐரோப்பாவில் பரவிற்று. அதைப் பழங்கதையென்று தள்ளிவிட வேண்டாம். மனிதக் குழந்தைக்கே நேற்றுவரை இதே கதி நேர்ந்தது. குறைமாதத்திற் பிறந்த சிசுக்களுக்கு நோவை உணரும் பக்குவமில்லை என்று கருதி, தசைகளை அசையாமற் செய்யும் மருந்தும் சிறிது வாயுவும் மட்டும் கொடுத்து நெஞ்சை அறுத்துச் சிகிச்சை செய்வது 1980களிலும் வழக்கில் இருந்தது. 1987இல் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆனந்தும் அவருடைய துணைவர்களும், ஃபென்டனில் என்ற அபின் இன மருந்தையும் சேர்த்துக் கொடுத்த சிசுக்களின் உடல் அறுவையின் தாக்கத்தை எவ்வளவோ மேலாகத் தாங்கிற்று என்று ஆராய்ந்து காட்டினார்கள். அழத் தெரிந்த குழந்தைக்கே இந்த நிலையானால், அழாமல் சுவரைப் பார்த்து நிற்கும் நாய்க்கு யார் சாட்சி சொல்வது? நோவு இன்னதென்று இலக்கணம் வகுக்கும் சர்வதேச வலி ஆய்வுக் கழகமே, 2020இல்தான், பேச இயலாமை நோவின்மைக்குச் சான்றாகாது, மனிதனுக்கும் பிற விலங்குக்கும் இது பொருந்தும் என்று தன் இலக்கணக் குறிப்பில் எழுதிற்று.

சத்தமின்மையை நான் சுகமென்று எண்ணியது அறியாமை. நோவை வெளிக்காட்டும் விலங்கைப் பகை கண்டுகொள்ளும். ஆதலால் பல விலங்குகள் நோவை மறைத்தே வாழ்கின்றன. பூனை ஒடுங்கிக் கிடக்கும்; முயல் தீனியை விட்டு அசையாதிருக்கும்; மாடு பல்லைக் கடித்து நிற்கும். இன்று மருத்துவர்கள் முகத்தின் சுருக்கம், காதின் நிலை, கண்ணின் ஒடுக்கம், தொட்டால் திரும்பிப் பார்க்கும் வகை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு நோவை அளக்கிறார்கள். இந்த அளவைகளை நாம் கற்க வேண்டியதில்லை. நின்றபடியே இரவைக் கழிக்கும் நாயைக் கண்டு, 'வலி இல்லை போலும்' என்று சொல்லாதிருக்கக் கற்றால் போதும்.

நாயின் உடம்பும் நம் உடம்பும் இவ்விஷயத்தில் ஒன்றே என்பதற்கு விஞ்ஞானம் ஓர் அழகான சான்று தந்திருக்கிறது. அபினும் அதிலிருந்து எடுக்கும் மார்பினும் உடம்பில் எங்கே சென்று பற்றுகின்றன என்பது 1973இல் புலனாயிற்று. பூட்டுக்குச் சாவிபோல அவை பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கசகசாச் செடியின் பாலுக்கு ஏற்ற பூட்டு மூளையில் ஏன் இருக்க வேண்டும்? உடம்பு தானே அத்தகைய சாவி ஒன்றைச் செய்துகொள்கிறதோ என்று தேடினார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூசும் காஸ்டர்லிட்சும் அதைக் கண்டெடுத்து என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். கண்டெடுத்தது எதிலிருந்து? பன்றியின் மூளையிலிருந்து! மனிதன் தன் நோவுக்குத் தன்னுள்ளேயே மருந்து வைத்திருக்கிறான் என்ற செய்தியை இகழப்பட்ட பன்றியிடமிருந்தே உலகம் கற்றது. முதுகெலும்புள்ள உயிர்களெல்லாவற்றிலும் இந்த அமைப்பு உண்டு.

ஆகவே அபின் இன மருந்து நாய்க்கும் பூனைக்கும் வேலை செய்யும். ஆனால் எல்லா உயிருக்கும் ஒரே அளவன்று, ஒரே விதமுமன்று. பூனைக்கு மார்பின் கொடுத்தால் வெறி பிடிக்கும் என்று நெடுங்காலம் புத்தகங்கள் எழுதிவந்தன; அதனால் பல தலைமுறைப் பூனைகள் அறுவைக்குப்பின் ஒன்றுமின்றிக் கிடந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, அந்த வெறி கண்ட பழைய சோதனைகளில் இன்று கொடுக்கும் அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு கொடுத்திருந்தார்கள் என்று தெரிந்தது. குற்றம் பூனையினுடையதன்று. குதிரைக்கு மிகுதியாகக் கொடுத்தால் கிளர்ச்சியும் குடல் மந்தமும் உண்டாகும். மாட்டில் இவ்வகை மருந்துகளின் பயன் நாயிற்போல் தெளிவாக நிறுவப்படவில்லை. அங்கே மரத்துப்போகச் செய்யும் ஊசியும் வீக்கந் தணிக்கும் மருந்துமே முதன்மையானவை. (அவை இருந்தும், மூக்கணாங்கயிறு குத்தவும் காயடிக்கவும் எத்தனை கிராமங்களில் அவற்றைப் பயன்படுத்துகிறோம்? 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமே இச்செயல்களை, விதித்த முறையிற் செய்தால், குற்றத்தினின்று விலக்கி வைத்திருக்கிறது.)

வீக்கந் தணிக்கும் மருந்தே போதாதா, அபினுக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்கலாம். சிறு நோவுக்குப் போதும். எலும்புப் புற்றின் நோவுக்கு அது தனித்துப் போதாது. இரண்டும் சேர வேண்டும். மேலும், எளிதாகக் கிடைப்பதெல்லாம் தீங்கற்றதென்று எண்ணவும் கூடாது. டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்தை மாடுகளுக்கு இரக்கத்தோடுதான் கொடுத்தார்கள். அம்மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகங் கெட்டு மடிந்தன; நம் நாட்டின் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. காரணம் 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. ஓர் உயிருக்குச் செய்த நன்மை இன்னோர் உயிருக்கு நஞ்சான இந்த வரலாற்றைப் பிரதீத்ய சமுத்பாதம் போதிக்கும் ஒவ்வொருவரும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மனிதர் காய்ச்சலுக்குத் தின்னும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. இரக்கத்தால் யாரும் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம்.

இந்தச் செய்திகளையெல்லாம் அடுத்த ஞாயிறு சபையிற் சொன்னேன். மூன்று மறுப்புகள் எழுந்தன. மூன்றும் மெய்யான மறுப்புகள்.

ஓர் இளைஞர் கேட்டார்: "மயக்கந் தரும் பொருளை விலக்குவோம் என்று ஐந்தாம் சீலம் ஏற்கிறோம். அபினை நாம் தின்னவில்லை, சரி. ஆனால் வாயில்லா ஜீவனுக்கு நம் கையால் கொடுக்கலாமா?" இதற்கு விடை விநயத்திலேயே இருக்கிறது. பிலிந்தவச்சர் என்ற தேரருக்கு வாதநோய் கண்டது. மருத்துவர்கள் காய்ச்சிய எண்ணெய் வேண்டுமென்றனர். அதில் மது சேர்க்க வேண்டுமென்றனர். பகவான் அனுமதித்தார். உடனே ஆறுபேர் கூட்டம் என்று பெயர்பெற்ற அடங்காத பிக்குகள் மதுவை மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சிக் குடித்து மயங்கினார்கள். அப்போது பகவான் என்ன செய்தார்? நோயாளியின் எண்ணெயையே தடுத்துவிடவில்லை. மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவே சேர்த்தல் வேண்டும் என்று வரையறுத்தார். மிகுதியாகச் சேர்த்துவிட்ட எண்ணெயை மேலுக்குப் பூசிக்கொள்க என்றார். ஒருசிலர் பொருளைக் கெடவழங்கினர் என்பதற்காக நோயாளியின் மருந்தைப் பிடுங்காத அந்தத் தீர்ப்பை நான் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அளவும் நோக்கமும் அங்கே நீதியாக நிற்கின்றன. மனத்தைக் கெடுத்துக்கொள்ள உண்பது வேறு. நோவால் கெட்டுப்போன மனத்தை மீட்க ஊட்டுவது வேறு.

இரண்டாவது மறுப்பு ஒரு முதிய அம்மையாருடையது. "அது முன் செய்த வினை, அனுபவித்துத் தீர்க்கட்டும். நாம் குறுக்கே போகலாமா?" என்றார். அவர் மனம் நோகாதவாறு விடை சொல்ல முயன்றேன். சீவகர் என்ற துறவி, மனிதர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையின் பயனே என்பார் கூற்றைக் குறித்துப் பகவானிடம் வினவிய செய்தி சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. பித்தத்தால் வரும் நோவுண்டு, சிலேட்டுமத்தால் வருவதுண்டு, வாதத்தால் வருவதுண்டு, பருவ மாற்றத்தால் வருவதுண்டு, அடிபட்டு வருவதுமுண்டு. எல்லாம் முன்வினையென்பார் கண்முன் காண்பதையே மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் விடையின் கருத்து. பிறகு அந்த அம்மையாரிடம் வேறொன்றும் சொன்னேன். "பாட்டி, நம் முப்பாட்டன்மார் சேரிக்கு வெளியே கிணறு தேடி அலைந்தபோது, இதே சொல்லைத்தானே அவர்களிடம் சொன்னார்கள்? முன்வினை, அனுபவி என்று?" அம்மையார் சிறிதுநேரம் பேசாதிருந்து, "அதைச் சொன்னவன் யாரும் தன் பல்வலிக்கு வைத்தியனிடம் போகாமல் இருக்கவில்லை" என்றார். சபை சிரித்தது.

மூன்றாவது மறுப்புக்குச் சிரிப்பில்லை. நமது சங்கத்துப் பெரியவர் ஒருவர். 2001இல் தங்கவயற் சுரங்கம் மூடப்படும்வரை அங்கே உழைத்தவர். அவருடைய துணைவியார் வாய்ப்புற்றால் மாண்டவர். அவர் எழுந்து நின்று, "கடைசி இரண்டு மாதம் அவள் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் ஒரு கடையிலும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தத் தாள் இல்லை, இந்தத் தாள் இல்லை என்றார்கள். இன்று நாய்க்கு அபின் ஊசி தேடவேண்டுமென்கிறீர்கள். தேடுங்கள். ஆனால் என் காதில் இது எப்படி விழுகிறதென்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்" என்றார்.

அவர் சொல்லின் ஆழம் நம்மவர்க்கு விளக்க வேண்டியதன்று. மகாடு நகரத்துக் குளத்தில் கால்நடைகள் நீர் பருகலாம், நாம் பருகலாகாது என்றிருந்ததால்தானே 1927இல் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு அக்குளத்தில் இறங்கினார்? மனிதனுக்கு மறுத்ததை மிருகத்துக்குக் கொடுக்கும் இரக்கத்தை நாம் நன்கறிவோம். அந்த இரக்கத்தின் பெயரால் நாம் பட்ட அடிகளையும் அறிவோம். விலங்கின் நோவைப் பற்றிப் பேச வருகிறவன் இந்த நினைவைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

ஆயினும் பெரியவரின் வினாவை நுணுகிப் பார்த்தால், அவருடைய துணைவியார்க்கு மருந்து கிடைக்காமற்போனது அதை யாரோ நாய்க்குக் கொடுத்துவிட்டதனாலன்று. மருந்தே இல்லாமற் போனதாலுமன்று. இந்நாட்டில் மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற உழவர்கள் கசகசாச் செடியைப் பயிரிட்டு அபின் எடுக்கிறார்கள். நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. காசிப்பூர் ஆலை 1820இல் தொடங்கியது. உலகுக்கு ஏற்றுமதி செய்யுமளவு நம்மிடம் இருந்தது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் கடுந்தண்டனைகளையும் மாநிலத்துக்கொன்றாக உரிமங்களையும் விதித்தபின், மருத்துவமனைகளும் கடைகளும் அஞ்சி மார்பினை வைப்பதையே விட்டுவிட்டன. கேரளத்து மருத்துவர் இராசகோபால் முதலியோர் பல்லாண்டு போராடிய பின்னர், 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றியமையா மருந்துகள் என்று சிலவற்றை வகுத்து வழியை எளிதாக்கினார்கள். எளிதாக்கிய வழி எல்லா ஊருக்கும் இன்னும் வந்து சேரவில்லை. ஆறுபேர் கூட்டம் மயங்கியதற்காகப் பிலிந்தவச்சரின் எண்ணெயைப் பூட்டி வைத்த கதை இது. பூட்டு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. களவும் அடிமைப் பழக்கமும் மெய். இரட்டைத் தாழ் அலமாரியும் துளிக்குத் துளி கணக்கும் வேண்டியவையே. ஆனால் திறவுகோலே செய்யாத பூட்டு சுவரேயன்றிப் பூட்டன்று. அந்தச் சுவரின் ஒரே பக்கத்தில்தான் பெரியவரின் துணைவியாரும் நின்றார், அந்த நாயும் நிற்கிறது.

இவ்வாறு விடை சொன்னேன். பெரியவர் ஒப்பியதாக நான் சொல்லமாட்டேன். "கணக்கு சரி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

மனிதனுக்கும் விலங்குக்கும் இவ்விஷயத்தில் உள்ள வேற்றுமை ஒன்றையும் கூற வேண்டும். உடல்நோவு ஓர் அம்பு, அதன்மேல் மனம் எய்துகொள்ளும் துயரம் இரண்டாவது அம்பு என்று பகவான் அருளினார். தம்மம் கற்றவன் இரண்டாவது அம்பினின்று தப்பலாம். விலங்குக்கு இரண்டாவது அம்பு இல்லையென்பது நம்மிற் பலர் கருத்து. அதனால் அதன் நோவு சிறிது என்றும் எண்ணுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருமுறை அடிபட்ட நாய் மருத்துவமனை வாயிற்படியிலேயே நடுங்குகிறதே, அது என்ன? அன்றியும், 'நாளை தீர்ந்துவிடும்' என்று நோயாளி மனிதனிடம் நாம் சொல்லலாம். மூச்சைக் கவனி, வேதனையை வேதனையாகவே பார் என்று பயிற்றலாம். நாயிடம் என்ன சொல்வது? இந்தக் கணத்து நோவுக்கு அப்பால் அதற்கு ஒரு நாளையும் இல்லை. மனிதனுக்குத் தம்மத்தையும் மருந்தையும் கொடுக்கலாம். அதற்கு மருந்தை மட்டுமே கொடுக்கலாம். ஆகவே மருந்தின்மேல் அதற்குள்ள உரிமை குறைந்ததென்று எப்படிச் சொல்வேன்? அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் ஆக இருவகை மருத்துவமும், மூலிகை இல்லாத இடங்களுக்கு மூலிகையும் ஏற்பாடு செய்ததை எழுதிவைத்தார். சோழரும் பாண்டியரும் ஆண்ட நிலங்களையும் பெயர்சொல்லிக் குறிக்கும் கல்வெட்டு அது. இரண்டையும் ஒரே மூச்சிற் சொன்ன அந்த வேந்தர், முதலில் எவர்க்கு என்று வரிசை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

அபின் இன மருந்து உயிரைச் சுருக்கிவிடாதா, அப்போது அதுவும் மறைமுகக் கொலையாகாதா என்ற அச்சமும் சிலர்க்கு உண்டு. மிகையாகக் கொடுத்தால் மூச்சு ஒடுங்கும், உண்மை. ஆனால் நோவுக்கு ஏற்ற அளவில் மருத்துவர் கொடுக்கும்போது அது அரிது. நாய்களில் மனிதரைவிடவும் குறைவு. மிகுந்துவிட்டால் முறிக்க நாலாக்சோன் என்ற மாற்றும் இருக்கிறது. எதற்காகக் கொடுக்கிறோம் என்ற சேதனையே வினையென்பது நம் மார்க்கம். ஊசி போடும் கை நோவு நீங்கவேண்டுமென்று போடுகிறதா, நாய் ஒழியவேண்டுமென்று போடுகிறதா என்பது போடுகிறவனுக்குத் தெரியும். அந்த இரண்டும் சில இரவுகளில் கலந்தும் இருக்கும். அதையும் ஒளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்பர் வீட்டு நாய்க்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் மருத்துவர் டிராமடால் மாத்திரை கொடுத்தார். மனிதனுக்குப் பயன்படும் அம்மருந்தை நாயின் உடல் வேறுவிதமாகச் சிதைக்கிறது. நோவைத் தணிக்கும் கூறு அதில் மிகக் குறைவாகவே உண்டாகிறது. பலனில்லை. அடுத்துப் பியூட்டார்ஃபனால் ஊசி போட்டார். ஒன்றிரண்டு மணிநேரம் நாய் படுத்தது, பின்னர் எழுந்துவிட்டது. இறுதியில், கசகசாச் செடியின் தீபெயினிலிருந்து செய்யப்படும் பியூப்ரினார்ஃபினை எழுதிக் கொடுத்தார். ஒரு முறைக்கு ஆறேழு மணிநேரம் தாங்கும் மருந்து. நான்கு கடைகளில் கையை விரித்தார்கள். ஐந்தாவது கடை இருக்கும் தெருவைக் காட்டியவர் சுரங்கத்துப் பெரியவர். முன்பு தம் துணைவியாருக்காக அலைந்தபோது அந்தத் தெருவெல்லாம் அவருக்குப் பழக்கமாம். அவருக்கு அன்று கிடைக்கவில்லை. அன்பரோடு தாமும் பேருந்தேறிப் போய், சீட்டைக் காட்டிக் கணக்கில் கையெழுத்திட்டு, மூன்று குப்பிகள் வாங்கிவந்தார்.

அன்றிரவு மருத்துவரின் உதவியாளர் வந்து ஊசி போட்டார். வீக்கந் தணிக்கும் மெலாக்சிகாமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அரைமணி நேரங் கழித்து நாய் தானாக மடங்கிப் பக்கவாட்டிற் படுத்தது. ஏழு நாட்களில் முதல்முறையாக அது தூங்கியதை அம்மையார் விளக்கை மறைத்துக்கொண்டு பார்த்திருந்தார். அதன்பின் பதினாறு நாட்கள் இருந்தது. எல்லா நாட்களும் நல்ல நாட்களல்ல; கடைசி மூன்று நாளில் ஊசிகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டியிருந்தது, ஒருமுறை மருந்து தீர்ந்து அரைநாள் காத்திருக்கவும் நேர்ந்தது. ஒரு விடியற்காலையில் இறந்தது.

தோட்டத்தில் குழி வெட்டும்போது பெரியவரும் வந்திருந்தார். மிச்சமிருந்த ஒரு குப்பியை மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்துக் கணக்கில் எழுதச் சொல்ல வேண்டுமென்று அன்பருக்கு நினைவூட்டினார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "நாய்க்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை, தம்பி. நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையை வைக்கச் சொல்லி மனு எழுத வேண்டுமென்றால், யார் பெயருக்கு எழுதவேண்டும்? அதைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.